துண்டைக் கவ்விய வைக்கோல் மெஷின்

சொந்த மச்சானையே வேவு பார்த்தவன் நான், வெட்கமாகத்தான் இருக்கிறது. மலேசியாவின் நிபோங் திபாலில் நாங்கள் கூட்டாக வாங்கிய பழைய வைக்கோல் கட்டும் மெஷினில் கட்டுகளின் முடிச்சுகள் அவிழ்ந்துகொண்டே இருந்தன. என் பங்கை மலிவாக வாங்க அவர்தான் எதையோ தளர்த்திவிடுகிறார் என்று எனக்குச் சந்தேகம்.

ஆதாரம் தேடி, ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்குள் எட்டிப் பார்த்தேன். கயிற்றோடு மேலெழுந்த ஊசி என் தோள்துண்டைக் கவ்வ, கழுத்து இறுகியது.

“மச்சான், அசையாதீங்க லா!” என்று கத்தி அவர் இஞ்சினை நிறுத்தினார். எப்படி அவ்வளவு பக்கத்தில் நின்றார்? அவரும் என்னைத்தான் வேவு பார்த்தாராம்.

முடிச்சுப் போடும் கொக்கியில் பழைய கயிற்றுத் துணுக்கு சிக்கியிருந்தது. அவ்வளவுதான் சதி.

இப்போது இஞ்சினை அணைத்து, சக்கரம் நின்ற பிறகே கொக்கியைத் துடைக்கிறேன். துண்டு வீட்டில்.

கதையைக் கேட்ட என் மனைவி சொன்னாள்: “யார் தலையில வைக்கோல் இருக்குன்னு மெஷினுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு லா.”