குளித்து மகிழ்ந்தவர்கள்

கண்ணுகளா, கம்பெனி விழாவில் மாட்டியிருந்த பழைய நொய்யல் ஆற்றுப் படத்தில் இடது ஓரம் நிற்பது உங்கள் அப்பன் நான்தான். இடுப்பளவு தண்ணீரில் வெளுக்க பிளீச்சிங் பவுடர் போட்ட துணியை அலசிக்கொண்டிருந்தோம். படத்தின் கீழே ‘ஆற்றில் குளித்து மகிழும் தொழிலாளர்கள்’ என்று எழுதியிருந்தார்கள்.

“குளிக்கலீங்க. பிளீச்சிங் பவுடர்ல காலு வெந்துபோய் நின்னமுங்க” என்றேன் முதலாளி மகனிடம்.

“ஏனுங்க, சிரிச்சுட்டுத்தான நிக்கறீங்க?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

“படம் புடிச்ச உங்கப்பாதானுங்க சிரிக்கச் சொன்னாரு.”

“துணி வாங்கற வெளிநாட்டு பையருங்க வர்ற நேரம். பிளீச்சிங் தண்ணி உட்டு ஆத்தக் கெடுத்த கதையெல்லாம் இப்ப எதுக்குங்க? சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க.”

மரியாதை குறையாமல் இவ்வளவு கேவலமாக என்னை யாரும் துரத்தியதில்லை.

நான் சாப்பிடவில்லை. எல்லோரும் பந்திக்குப் போனதும், சட்டைப் பையிலிருந்து, துணியில் குறி போடும் மார்க்கரை எடுத்தேன். ‘குளித்து மகிழும்’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘துணி அலசும்’ என்று எழுதினேன்.