வழுக்கும் சுவர்

மக்தலேனாவின் விரல்களில் ரேகை கிடையாது. பத்தொன்பது வருடம் குளோரின் தண்ணீரில் ஊறித் தேய்ந்த விரல்கள். தலவில ஊருக்கு அப்பால், இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணையில் வரவு பதியும் மெசின் அவளை ஏற்பதில்லை. வரவுக் கொப்பியில்தான் கையெழுத்து வைப்பாள். ஆனால் தொட்டி சுத்தமா என்று பார்க்க மனேஜர் தவச்செல்வன் அந்த விரலைத்தான் கூப்பிடுவான். ஈரச் சுவரில் இழுப்பாள். கிறீச்சிட்டால் சுத்தம். வழுக்கினால் வழும்பு, மறுபடி தேங்காய்த் தும்பும் மணலும் போட்டு உரஞ்ச வேண்டும். சண்டைக்குத் தப்பி மன்னார்ப் பக்கமிருந்து வந்தவளுக்கு இங்கே கிடைத்த ஒரே மரியாதை அந்த விரல்.

இந்த வருடம் முதலாளி இரண்டு தொட்டிகளுக்குப் புதுப் பூச்சு அடிப்பித்தார். கிருமி முதலில் சுவரில் ஒட்டுமாம்; பிறகு கூட்டமாகச் சேர்ந்து வழும்பைப் போர்த்திக்கொள்ளுமாம்; அதற்குப் பிறகு மருந்து உள்ளே போகாதாம். இந்தப் பூச்சில் அதால் ஒட்டவே முடியாது, தண்ணீர் அடித்தால் போதும், உரஞ்சக் கூடாது என்றான் தவச்செல்வன். அத்தோடு இன்னொன்றும் சொன்னான்: உரஞ்சல் இல்லையென்றால் இரண்டு பேர் தேவையில்லை. மக்தலேனாவுக்கு ஒரு தொட்டி, கற்பிட்டி அலீமாவுக்கு ஒன்று. யாருடைய தொட்டியில் அதிகக் குஞ்சு தப்புகிறதோ அவள் வேலையில் நிற்கலாம்.

சுத்தமாக இருந்தாலும் பூச்சு வழுக்கும் என்பதை அவன் சொல்லவில்லை. படித்தவனுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை.

குஞ்சு விடுவதற்கு முதல் நாள் மக்தலேனா தொட்டியைக் கழுவி விரலை இழுத்தாள். வழுக்கியது. இன்னொரு முறை கழுவினாள். அப்போதும் வழுக்கியது. கேட்டிருக்கலாம். கேட்டால் விரல் போய்விட்டது என்று தானே ஒத்துக்கொண்டதாகும். அலீமா தேத்தண்ணிக்குப் போன நேரம் பார்த்து, தும்பும் மணலுமாக உள்ளே இறங்கினாள். சுவர் கிறீச்சிடும் வரை உரஞ்சினாள். திரும்பி வந்த அலீமா வடிகாலில் மிதந்த தும்பைப் பார்த்தாள். தன் தொட்டிக்குத் தண்ணீர் அடிக்கப் போனாள்.

ஏழாம் நாள் காலை மக்தலேனாவின் தொட்டியில் குஞ்சுகள் எல்லாம் செத்து அடியில் வெள்ளையாகப் படிந்து கிடந்தன. தவச்செல்வன் தண்ணீரை வடித்துவிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தான். சுவர் முழுக்க மயிரிழைக் கீறல்கள். ஒவ்வொன்றிலும் வழும்பு குடியேறியிருந்தது.

"நீங்களோ உரஞ்சினது?"

"வழுக்கினது, தம்பி."

"வழுக்கத்தானே அக்கா பூசினது."

அவள் அலீமாவிடம் திரும்பினாள். "நீ கண்டனி என்ன?"

"ஓம், கண்டேன்." அலீமா தன் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு பேர்ல ஒராள்தானேக்கா."

பூச்சை அடிச் சீமெந்து வரை சுரண்டினால்தான் மறுபடி பூசலாம், போகுமுன் அதை முடித்துக் கொடுங்கள் என்று தவச்செல்வன் சுரண்டுகிற கம்பிப் பிறஷ்ஷைக் கொடுத்தான். அவள் பின்னேரம் வரை சுரண்டினாள். முடிந்ததா என்று அவன் மேலே நின்று கேட்டபோது, பழக்கத்தில் தண்ணீர் தெளித்து விரலை இழுத்தாள்.

கிறீச்சிட்டது.

"சரி, கொப்பியில கையெழுத்தை வைச்சிட்டுப் போங்க," என்றான்.