மச்சானுக்கு மண் எடுக்கப் போன பயணம்

மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. காலை ஆறே முக்காலுக்குக் கடலூர் பஸ் நிலையத்தில் சிதம்பரம் பஸ் ஏறினேன். கையில் காலியான ஒரு சின்னத் தூக்குவாளி. எத்தனையோ ஊர்களுக்குப் போய்வந்து எழுதியிருக்கிறேன். கோயில், கடல், சாப்பாடு என்று போவதற்கு ஏதாவது ஒரு காரணம் இருக்கும். ஒருவர் சாவதற்கு வழி தேடிப் போனது இதுதான் முதல் தடவை.

அந்த ஒருவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். வயது ஐம்பத்தாறு. பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டினவர். பிறகு கடலூர் முதுநகரில் சொந்தமாக மினி லாரி வைத்துப் பிழைத்தார். கணையத்தில் புற்றுநோய் வந்து முதுகெலும்பு வரை பரவிவிட்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மார்ஃபின் மாத்திரை வலியைக் குறைக்கிறதே தவிர நிறுத்தவில்லை. வலி வந்தால் அவர் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். புத்தி மட்டும் துளிகூட மங்கவில்லை. கொடுமையே அதுதான்.

முந்தின நாள், சென்னையிலிருந்து பார்க்க வந்த என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். “மாப்ள, செதம்பரத்துல நம்ம டாக்டரு இருக்கான் பாரு, எங்கூட படிச்சவன். அவன்கிட்ட நேராவே கேளு. ஒரே ஒரு ஊசி. போட்டா தூங்கிடணும். மாட்டேன்னா அப்புடியே ஊருக்குப் போயி நம்ம நெலத்து மண்ணு ஒரு கை அள்ளிக்கிட்டு வா.”

அந்தப் பக்கத்து வழக்கம் இது. உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடப்பவருக்கு மண்ணாசை விடவில்லை என்பார்கள். சொந்த நிலத்து மண்ணைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினால் உயிர் பிரிந்துவிடும் என்பது நம்பிக்கை. நினைவு தப்பியவர்களுக்கு மற்றவர்கள் செய்கிற காரியம். தனக்கு வேண்டும் என்று தானே ஆள் அனுப்பியவர் எனக்குத் தெரிந்து மச்சான் ஒருவர்தான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. “ஊசியோட வரேன் மச்சான், மண்ணுக்கு அவசியமே இருக்காது” என்று வீராப்பாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஆலப்பாக்கம் தாண்டியதும் பக்கத்து சீட்டுக்கு ஒரு மீன்கார அம்மா வந்து உட்கார்ந்தார். காலிக் கூடையை என் கால்மேல் வைத்துவிட்டு, எங்கே போகிறேன் என்று கேட்டார். எரிச்சலில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அந்த அம்மா அதிரவில்லை.

“எங்கூட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கிச்சு சார். ஒன்றரை வருஷம் படுக்கை. பீ மூத்திரம் எல்லாம் நான்தான். கண்ணாலயே கெஞ்சுவாரு. அப்ப அந்த மாதிரி ஊசி இருந்திருந்தா நானே போட்டிருப்பேன்.”

“பாருங்க, அதைத்தாம்மா நானும் சொல்றேன்.”

“அப்பறம் எந்திரிச்சிட்டாரே! இப்ப ஒக்காந்து வலை தெச்சிக்கிட்டு என்னையத் திட்டிக்கிட்டு கெடக்குறாரு.”

அந்த அம்மாவோடு முன் சீட்டில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. என் மச்சான் எழுந்திருக்கவே மாட்டார் என்றேன். அந்த அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. “அப்ப சீக்கிரம் போயிக் கேளு சார்” என்று சொல்லிவிட்டு முட்லூரில் இறங்கிப் போனார்.

ஒன்பது மணிக்கு நோயாளிகள் வருவதற்குமுன் டாக்டரைப் பிடித்துவிட்டேன். நான் சொல்லி முடிக்கும்வரை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூச்சு மிஷின்ல இருந்தா, போதும்னு எடுத்துவிட இன்னைக்கு சட்டத்துல வழி இருக்கு. டாக்டருங்க குழு பாக்கணும், சம்மதிக்கணும், அப்பறம் எடுக்கலாம். அவன் மிஷின்லயே இல்லியே. எதை எடுக்கச் சொல்றீங்க? நான் ஊசி போட்டா அதுக்குப் பேரு கொலை.”

“சட்டம் மாறினா போடுவீங்களா?”

மருந்துச் சீட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். “கொஞ்ச நாளைக்கு முன்ன ஒரு அம்மா வந்தாங்க. சாவணும், சாவணும்னு ஒரே பேச்சு. பசங்களை வெளிய அனுப்பிட்டுக் கேட்டேன். ‘என்னால அதுங்களுக்கு செலவு ஜாஸ்தி ஆவுது டாக்டர்’னு அழுவுறாங்க. சட்டம் மாறினா இங்க மொதல்ல வந்து நிக்கிறது அந்தம்மாதான். அவுங்களை சாவச் சொல்றது நோயில்ல, வூடு.”

“அந்தம்மா பொழைக்கிறதுக்காக என் மச்சான் கத்திக்கிட்டே கிடக்கணுமா?”

“ஆமா” என்றார். “இப்போதைக்கு அப்புடித்தான் இருக்குது.” மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். வாசல் வரை வந்தவர், “ஒரே பெஞ்சுல ஒக்காந்தோம்” என்றார்.

வெளியே கோபுரங்கள் எப்போதும்போல் நின்றன. அவற்றைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. கீழ வீதியில் இட்லியும் கொத்சும் சாப்பிட்டேன். நன்றாகப் பசித்தது. பசித்ததற்கு வெட்கமாக இருந்தது.

புவனகிரி வழியாகச் சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் போய், வழியிலேயே வெள்ளாற்றுப் பக்கத்தில் மச்சானின் ஊரில் இறங்கினேன். உச்சி வெயில். நெல் அறுத்த வயல்களில் உளுந்து காய்த்திருந்தது. மச்சானின் நிலம் கைமாறி வருஷங்கள் ஆகிவிட்டன. வாங்கியவரும் அவர் மனைவியும் அங்கேதான் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா எழுந்து என் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

“தப்பா நெனைக்காதீங்க. எங்க நெலத்து மண்ணைக் குடிச்சு ஒரு உசுரு போனா, அப்பறம் இதுல வெளையறதை நாங்க எப்புடிங்க சாப்புடறது?”

காலையில் யாராவது இப்படிப் பேசியிருந்தால் அரைமணி நேரம் பகுத்தறிவு பேசியிருப்பேன். இப்போது கையெடுத்துக் கும்பிட்டேன். மச்சான் வலியில் எப்படிக் கத்துவார் என்று சொன்னேன். கடைசியில் அந்த அம்மாவின் கணவர்தான் மனம் இறங்கினார்.

“வரப்புல எடுத்துக்குங்க. வரப்பு எங்களுக்கும் பக்கத்து நெலத்துக்காரருக்கும் பொதுதான்.”

குனிந்து விரலால் கிளறினேன். இறுகிய கறுப்புக் களிமண், நகக்கண்ணில் ஏறி வலித்தது. தூக்குவாளிக்குள் போட்டுவிட்டு, “வரப்பு மண்ணு சேருமாங்க?” என்று அவரிடம் கேட்டேன். கேட்ட பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்பது உறைத்தது. நம்பாதவன் கேட்கிற கேள்வியா அது?

மாலை ஐந்தரைக்குக் கடலூர் வந்து சேர்ந்தேன். ஊசி இல்லை என்று மச்சானிடம் சொன்னேன். “தெரியும்” என்றார். தூக்குவாளியை வாங்கி முகர்ந்து பார்த்து, “நம்ம மண்ணுதான்” என்றார். வரப்புக் கதையை நான் சொல்லவில்லை. அவர் மனைவி செல்வி உள்ளே போய் மண்ணைக் கரைத்து, துணியில் வடிகட்டி டம்ளரில் கொண்டுவந்தாள். மச்சான் இரண்டு கையாலும் வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “போறேன் மாப்ள” என்றார். கடைக்குப் போனாலும் போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போகிற மனிதர் அவர்.

கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். இந்த மூச்சுதான் கடைசி, இந்த மூச்சுதான் கடைசி என்று நான் எதிர்பார்த்தேன். உண்மையிலேயே எதிர்பார்த்தேன். எட்டு மணிக்கு வலிதான் வந்தது. கூட்டிக் கொடுத்த மாத்திரைக்கும் அன்றைக்கு அது அடங்கவில்லை.

புதன்கிழமை காலை நான் சென்னைக்குக் கிளம்பியாக வேண்டும். மச்சான் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தார். “எனக்கு மண்ணாசை இல்ல போலருக்குது மாப்ள” என்றார். “வேற என்னா ஆசை இருக்கும்னு நீ கொஞ்சம் யோசிச்சுச் சொல்லு. எனக்கு ஒண்ணும் தோண மாட்டங்குது.” சரி என்று தலையாட்டினேன்.

செல்வி தெருக் கதவு வரை வந்தாள். உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்.

“அண்ணே, நேத்து நான் மண்ணைக் கொஞ்சமாத்தான் கரைச்சேன். ஒரு சிட்டிகை. கை வரல.”

“பரவால்லம்மா.”

“ராத்திரி அவரு கத்துனப்ப, பாவி, எல்லாத்தையும் போட்டிருக்கலாமேன்னு இருந்துச்சுண்ணே.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “மிச்சம் அப்புடியே இருக்குது. இன்னைக்குப் போடட்டுமா? நீங்க சொன்னா போடுறேன்.”

வெறும் மண். அதனால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். முந்தின நாள்தான் ஒரு டாக்டரிடம் ஊசி கேட்டுச் சட்டம் பேசிவிட்டு வந்திருக்கிறேன். போடும்மா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தேன். நேரம் நிறைய இருந்தது.