கள்ளன் வந்தா எந்தத் தோட்டா?

போன சனிக்கிழமை என்ரை அத்தான் ஒரு கடைக்குள்ளை நிண்டு ரெண்டே ரெண்டு சொல்லுச் சொன்னார்… முழுக் கடையும் கப்சிப்!

விசயத்துக்கு வாறன். அத்தான், அதாவது என்ரை அக்காவின்ரை மனுசன். கனடாவிலை, மார்க்கம் எண்ட ஊரிலை வீடு, ஐ.ரி. வேலை, கொஞ்சம் வண்டி வயிறு. அவரிட்டை ஒரு கைத்துவக்கு இருக்கு. பயப்பிடாதேங்கோ — விக்க வாங்கத் தடை வர முதலே லைசென்ஸோடை வாங்கினது. மாசத்திலை ரெண்டு தரம் ரேஞ்சுக்கு, அதுதான் சுடப் பழகிற இடத்துக்குப் போய்க் கடதாசி இலக்கைச் சுடுவார். கடதாசிக்குப் பெரிசா ஆபத்தில்லை. பத்திலை ஏழு வெளியாலைதான் போகும்.

ஆனா ரெண்டு கிழமைக்கு முதல் பக்கத்து வீட்டுக் கதவை உடைச்சு, கார்த் திறப்பை எடுத்து, ட்ரைவ்வேயிலை நிண்ட காரையும் கள்ளர் கொண்டு போயிட்டாங்கள். அண்டு தொடக்கம் மனுசனுக்கு ஒழுங்கா நித்திரை இல்லை.

“டேய், வீட்டிலை மிது இருக்கிறாள். நாலு வயசுப் பிள்ளை. நான் என்ன, கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறதே?”

மகளைச் சொல்லேக்கை மனுசன் எழும்பிப் போய் முன்கதவுப் பூட்டை இன்னொருக்கா ஆட்டிப் பாத்தார். இதுக்கு நான் என்ன பகிடி விடுறது?

ஆளுக்கு ஆறுதல் தந்தது அமெரிக்கன் வீடியோக்கள்தான். பிராக்டிஸுக்கு ஒரு தோட்டா, வீட்டுக் காவலுக்கு வேறை தோட்டாவாம். பிராக்டிஸ் தோட்டாவுக்கு உருண்டை மூக்கு. ஆளைத் துளைச்சு, பின்னாலை நிக்கிற சுவரையும் துளைக்குமாம். மற்றதுக்கு மூக்கிலை குழி — ஹொலோ பொயின்ற். பட்ட உடனை விரிஞ்சு உள்ளுக்கையே நிண்டிடுமாம். அத்தான் சமையல் குறிப்பு மாதிரி ஒப்பிக்கிறார்!

அப்பிடித்தான் துவக்குச் சாமானும் தூண்டிலும் விக்கிற அந்தக் கடைக்குப் போனம். கவுண்டரிலை நிண்ட பெட்டை லைசென்ஸைப் பாத்திட்டு, ஹொலோ பொயின்ற் எதுக்கு எண்டு கேட்டாள்.

“செல்ஃப் டிஃபென்ஸ்!”

அவ்வளவுதான். அங்காலை தூண்டில் பாத்துக்கொண்டு நிண்டவரே திரும்பிப் பாத்தார். பெட்டை குரலைத் தணிச்சாள். “சேர், இந்த நாட்டிலை உங்கடை கைத்துவக்கு இலக்குச் சுடத்தான். உந்தக் கதையை இன்னொருக்காச் சொன்னா நான் உங்களுக்கு ஒண்டுமே விக்கமாட்டன்.”

நான் இடையிலை பாய்ஞ்சன். “ரேஞ்ச்! ரேஞ்சுக்குத்தான்! இவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம் மட்டு…”

இருவது வருசமா இங்கிலீஷிலை மீற்றிங் நடத்துற மனுசன் என்னை முறைச்சார் பாருங்கோ!

பிறகு அவள் நல்லாத்தான் உதவினாள். தோட்டா மூக்கிலை காந்தத்தைப் பிடிச்சுக் காட்டினாள் — ஒட்டினா உருக்கு, எங்கடை ரேஞ்சுக்குள்ளை விடமாட்டினம். நிறை குறைஞ்சதிலை ஒரு பெட்டி, கூடினதிலை ஒரு பெட்டி தந்தாள். “ரெண்டையும் சுட்டுப் பாருங்கோ. துவக்கு எதைச் சிக்காமல் தின்னுதோ, அதையே வாங்குங்கோ.” ரெண்டும் உருண்டை மூக்குத்தான்.

காருக்குள்ளை ஏறின உடனை அத்தான், “மற்றதை வேறை கடையிலை வாங்குவம். வாயைத் திறக்காமல் வாங்குவம்” எண்டார்.

நான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருப்பனே? அக்காவுக்குப் போட்டுக் குடுத்திட்டன்.

அக்கா எமர்ஜென்சி வார்ட் நேர்ஸ். கத்தேல்லை. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு முடிய ஃபோனிலை ஸ்ரொப்வோச்சை எடுத்தா. “இஞ்சேருங்கோ, இப்ப கள்ளன் வாறான். துவக்குப் பெட்டியடிக்குப் போய், தோட்டாத் திறப்பையும் எடுத்துக்கொண்டு வாங்கோ. துவக்கைத் தொடக் கூடாது, அதுக்குப் பதிலா இந்த ரீவி ரிமோட். கள்ளன் போக முதல் வந்து கெலிச்சா விரும்பினதை வாங்குங்கோ. தோத்தா உந்தக் கதையே இந்த வீட்டிலை இருக்கக் கூடாது.”

கள்ளன் ஆர்? நான்தான்!

நான் முன்கதவாலை வர, அத்தான் ரிமோட்டோடை பேஸ்மென்ற்றுக்கு ஓடினார். துவக்குப் பெட்டிக்கு ஒரு திறப்பு. துவக்குக்குப் போட்ட பூட்டுக்கு இன்னொண்டு. தோட்டா தனிப் பெட்டி, தனிப் பூட்டு… அந்தத் திறப்பு மேல் மாடியிலை, சாமி அறையிலை. வீட்டிலை ஒருத்தரும் நினைச்சவுடனை கை வைக்காத இடம் எண்டு அக்கா அங்கை வைச்சது. மூச்சு வாங்க ஏறி வந்தவர், சாமி அறை வாசலிலை பிரேக் போட்டமாதிரி நிண்டார்.

“ஐயோ… மத்தியானம் ஆட்டிறைச்சியெல்லோ!”

“அப்ப குளிச்சிட்டு வாங்கோ,” எண்டா அக்கா. “கள்ளன் இருப்பான்.”

நம்ப மாட்டியள் — மனுசன் உண்மையிலையே குளிக்கப் போட்டார்! கள்ளன் ஹோலிலை இருந்து ரீ குடிச்சான். மிச்ச இறைச்சியையும் அக்கா பார்சல் கட்டித் தந்தா.

பதினெட்டாவது நிமிசம். தலையாலை தண்ணி ஒழுக, ஒரு கையிலை திறப்பு, மற்றக் கையிலை ரிமோட்டோடை அத்தான் படியாலை பாய்ஞ்சு வந்தார். ஜன்னல் திரை ஆடிச்சு. நேரை நீட்டி, “டுமீல்! டுமீல்!”

நான் திரைக்குப் பின்னாலை இல்லை. கதிரையிலை இருக்கிறன்.

திரையை விலக்கிக்கொண்டு மிது வந்தாள். “அப்பா! நானும் கள்ளன்!”

அக்கா ஸ்ரொப்வோச்சை நிப்பாட்டினா. அத்தான் ரிமோட்டைப் பாத்தார், பிள்ளையைப் பாத்தார்… ஈரத் தலையோடை நிலத்திலை இருந்து அவளைக் கட்டிப் பிடிச்சார். உருண்டை மூக்கோ குழி மூக்கோ, அந்தத் திரைக்கு ரெண்டும் ஒண்டுதான். எந்த வீடியோக்காரன் இதைச் சொன்னவன்?

திங்கக்கிழமை புதுக் கதவுப் பூட்டு வந்திட்டுது. கார்த் திறப்பு, அதின்ரை சிக்னலைக் கள்ளர் பிடிக்காமல், தகர டப்பாக்குள்ளை. ஹொலோ பொயின்ற் பேச்சே இல்லை. ரேஞ்சுக்குப் போற நாளிலை அத்தான் விடியவே குளிச்சு, திருநீறு பூசிக்கொண்டுதான் தோட்டா எடுக்கிறார்.

ரிமோட்டை மட்டும் இப்ப காணேல்லை. அக்கா அதையும் சாமி அறையிலை வைச்சிட்டாவாம்!