பிணைச்சலுக்குத் தேங்காயெண்ணெய்

நான் தைத்த கொளுக்கி அறுந்துபோனதென்று திருகோணமலையில் எந்தப் பெண்ணும் இன்றுவரை என்னிடம் வந்து சொன்னதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். சட்டையில் ஒவ்வொரு கொளுக்கியையும் தைத்து முடித்ததும் இரண்டு விரலால் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பேன். வருவதென்றால் என் கையிலேயே வரட்டும், கலியாண வீட்டில் வரவேண்டாம். விமானத்துக்கும் இதே சட்டம்தான் என்று நான் சொன்னபோது என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் துறைமுகப் பக்கம் மின்சார வேலை பார்த்தவர். ஒருநாள் கேபிள் சுருள் ஒன்று உருண்டுவந்து அவருடைய வலது கையை நெரித்துவிட்டது. எலும்புகள் பொருந்தின. ஆனால் நடுவிரலும் மோதிரவிரலும் மடங்க மாட்டோம் என்று நின்றுவிட்டன. கைக்கு நடந்ததைவிட மனதுக்கு நடந்ததுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. யன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருப்பார். ஆஸ்பத்திரியில் ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார்கள். அது கையிலிருந்து நழுவியதும் விட்டுவிட்டார். இடது கையால் எழுதப் பழகினார். எழுத்து கோணியதும் அதையும் விட்டார். எதைத் தொடங்கினாலும் முதல் சறுக்கலோடு கதை முடிந்தது.

அப்படி இருந்த மனிதர் ஒரு காலைநேரம் அலுமாரிக்கு மேலிருந்த நீளப் பெட்டியை இறக்கித் தரச் சொன்னார். கலியாணத்துக்கு முன்னர் நுவரெலியாவில் வேலை பார்த்த காலத்தில், அறையில் கூட இருந்தவர்களோடு சேர்ந்து ரிமோட்டில் பறக்கும் சின்ன விமானங்கள் செய்தவராம். பெட்டிக்குள் அந்தக் காலத்துப் பால்சா மரப் பலகைகள் மிச்சம் இருந்தன. பிஸ்கட்டைப்போல் நொறுங்கும் பலகை. மடங்காத விரல்களை வைத்துக்கொண்டு அதை வெட்டத் தொடங்கினார். வெட்டினார், உரசினார், ஒட்டினார். மோட்டரும் பெட்டரியும் கொழும்பிலிருந்து வந்தன. சாப்பாட்டு மேசை முழுவதும் பறிபோனது; நாங்கள் மடியில் சோற்றுக் கோப்பையை வைத்துச் சாப்பிட்டோம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்க்கையில் நான் வாய் திறக்காமல் இருந்த மாதங்கள் அவை மட்டும்தான்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே ஒரு பயம் இருந்தது. இந்த விமானம் விழுந்தால் மனிதர் திரும்பவும் அந்தக் கதிரைக்குப் போய்விடுவார். போனால் பிறகு எழும்ப மாட்டார்.

செட்டையும் உடலும் முடிந்து, கடைசியில் பிணைச்சல் வேலை வந்தது. விமானத்தின் வாலில் மேலும் கீழும் அசையும் மடல் ஒன்று இருக்கிறது. அது மேலே போனால் விமானம் ஏறும், கீழே போனால் இறங்கும். அந்த மடலை வாலோடு சேர்த்துப் பிடிப்பவை நகத்தளவான பிளாஸ்டிக் பிணைச்சல்கள். கதவுப் பிணைச்சல் மாதிரியேதான், நடுவில் ஒரு மெல்லிய கம்பி. மரத்தின் விளிம்பைக் கீறி, இரண்டு பக்கமும் செருகி, எபொக்சிப் பசை வைத்து ஒட்டவேண்டும். கம்பியில் பசை பட்டால் மடல் அசையாது. அதனால் கம்பிக்கு மட்டும் முதலில் ஏதாவது வழுக்கல் பூசிக்கொள்வார்கள். மரத்தில் பசை பிடிக்காவிட்டாலோ, மடல் ஆகாயத்திலேயே கழன்றுவிடும். ரிமோட்டை வைத்திருப்பவர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவேண்டியதுதான்.

அவர் குசினிக்கு வந்து தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்தார்.

“உது ஏன் இப்ப?” என்று கேட்டேன்.

“பிணைச்சலுக்கு. நுவரெலியாவில உதைத்தான் பூசினனாங்கள். ஒருக்காலும் கம்பி இறுகினதில்லை.”

அவருடைய வேலை, அவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் பசை காய்ந்ததும் மடலை மேலும் கீழும் அசைத்து அசைத்துப் பார்த்தார். அப்படியொரு முகத்தை நான் பார்த்து எவ்வளவோ காலம்.

“நல்லா அசையுது. ஆனா இழுத்துப் பாத்தனீங்களோ?” என்றேன்.

“இது சட்டைக் கொளுக்கி இல்லையப்பா. இழுத்தா மரம் பிஞ்சுபோம்.”

“பிஞ்சா இஞ்ச பிய்யட்டும்.”

அவர் அந்தப் பக்கம் போனபிறகு மெதுவாக இழுத்துப் பார்த்திருக்கலாம். எனக்கு அந்த ஒளிப்பு மறைப்பு வேலையெல்லாம் வராது. அவர் கண்முன்னாலேயே மடலைப் பிடித்து இழுத்தேன். அவித்த கிழங்கின் தோலைப்போல் முழுசாக உரிந்து வந்தது. பிணைச்சல்கள் மடலில் தொங்கின. வாலில் வெறும் கீறல்கள்தான் மிச்சம்.

அவர் என்னைத் திட்டியிருந்தாலும் நிம்மதியாக இருந்திருக்கும். எழும்பிப் போய் யன்னலோரக் கதிரையில் இருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர்மேலா, பசைமேலா, என்மேலா என்று தெரியவில்லை. வாலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். கீறல்களைச் சுற்றி மரம் கறுத்து மினுங்கியது. தொட்டேன், விரலில் பிசுக்கென்று ஒட்டியது. மணந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய். கம்பிக்குப் பூசிய எண்ணெய் வழிந்து மரத்துக்குள் இறங்கியிருந்தது. எண்ணெய் குடித்த மரத்தில் எந்தப் பசை பிடிக்கும்?

பிறகு ஏன் நுவரெலியாவில் பிடித்தது? கொஞ்ச நேரம் குசினியில் நின்று யோசித்தேன். சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்கு அங்கே போயிருந்தபோது, அந்த மலைக்குளிரில் தலைக்கு எண்ணெய் வைக்க நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. போத்தலைச் சுடுதண்ணீருக்குள் வைத்து உருக்கித்தான் ஒரு சொட்டு எடுத்தேன். உடனே போத்தலைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன்.

“இஞ்சேருங்கோ, நுவரெலியாவில எண்ணெய் எப்பிடி இருந்தது?”

“எப்பிடி எண்டா?” என்று திரும்பாமலே கேட்டார். “கட்டியா இருந்தது. ஊசியால கிள்ளித்தான் பூசினனாங்கள்.”

நான் போத்தலை அவருடைய முகத்துக்கு நேரே சரித்தேன். எண்ணெய் தண்ணீரைப்போல் ஓடியது. திருகோணமலை வெயிலில் வேறெப்படி இருக்கும்? அவர் போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் போத்தலைப் பார்த்தார்.

“சீ,” என்றார். “இவ்வளவு காலமா இஞ்ச இருக்கிறன். என்ர மூளை இன்னும் அங்கதான் கிடக்குது.”

“மூளை கிடக்கட்டும். எண்ணெய் குடிச்ச விளிம்பை வெட்டி எறியுங்கோ. புதுப் பலகை இருக்குத்தானே?”

எழும்பினார். கதிரை வெறுமையானதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

அவர் விளிம்பை வெட்டிப் புதுத் துண்டு வைத்தார். நான் என் தையல் பெட்டியிலிருந்து மெழுகுக் கட்டியை எடுத்தேன். நூல் முறுக்கேறாமல் இருக்கப் பூசும் மெழுகு. எந்த வெயிலிலும் வழியாது. கம்பியில் நானே தேய்த்தேன். பல்லுக்குத்தும் குச்சியால் பசையைக் கீறலுக்குள் நானே விட்டேன். காய்ந்தபிறகு அவர் வாலை என் பக்கம் நீட்டினார்.

“இழு,” என்றார்.

இழுத்தேன். இரக்கம் பார்க்காமல் இழுத்தேன். அசையவில்லை.

துறைமுகப் பக்கம் கடற்படை இருப்பதால் ஆகாயத்தில் எதையும் விட ஏலாது. அதனால் விமானத்தைக் கந்தளாய்க்குக் கொண்டுபோனோம். அவரோடு கூட வேலை செய்த ஒருவருக்கு அங்கே வயல் இருந்தது, அறுவடை முடிந்த வயல். அந்த வயல்காரரே ஓடித்திரிந்து அனுமதி எடுத்தார். காற்று அடங்கும்வரை காத்திருந்து விமானத்தைப் பறக்கவிட்டோம். விமானம் ஏறியது. சொன்னபடி ஏறியது, சொன்னபடி திரும்பியது. மடங்காத இரண்டு விரல்களும் ரிமோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்க, பெருவிரல்கள் மட்டும் வேலை செய்தன. வால் மடல் அசைவதைக் கீழிருந்தே கண்டேன். நானும்தான் பறந்தேன், ஏன் பொய் சொல்லவேண்டும்.

இறக்கும் நேரத்தில் கந்தளாய்க் குளத்துப் பக்கமிருந்து சட்டென்று காற்று எழும்பியது. அவருடைய பெருவிரல் பிந்திவிட்டது. விமானம் சரிந்து, வரம்பில் அடித்து விழுந்தது. செட்டை முறிந்த சத்தம் நாங்கள் நின்ற இடம்வரை கேட்டது.

 இனி யன்னலும் கதிரையும்தான் என்று நினைத்தேன்.  அவர் ரிமோட்டை என் கையில் தந்துவிட்டு, ஓடாமல் நடந்தே போனார். நானும் பின்னாலே போனேன். செட்டை இரண்டு துண்டாகக் கிடந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. குனிந்து வாலைத் தூக்கினார். மடங்காத விரல்களுக்கும் பெருவிரலுக்கும் இடையில் மடலைப் பிடித்து, என்னைப்போலவே வெடுக்கென்று இழுத்தார். அது வரவில்லை. இன்னொருமுறை இழுத்தார்.

“வால் அப்பிடியே இருக்கு,” என்றார். “செட்டை மட்டும்தான் புதுசா செய்யவேணும். அதிலயும் மடல் இருக்கு, அதுக்கும் பிணைச்சல் வரும். மெழுகு இருக்குத்தானே?”

“ஓம்,” என்றேன்.  குனிந்து, முறிந்த செட்டைத் துண்டுகள் இரண்டையும் பொறுக்கி எடுத்தேன்.