அவித்த முட்டை மணம்

லண்டனில் நான் படிப்பிக்கும் மாணவர்களை, எரிமலையும் பனியாறும் காட்ட ஐஸ்லாந்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். கொதிக்கும் ஊற்றருகே கந்தகம் அவித்த முட்டைபோல மணத்தது.

யுத்த காலத்தில், எனக்குப் பன்னிரண்டு வயதில், "கோட்டை பாக்கப் போவம் மகள்" என்று அம்மா எங்கள் ஊரான பனிச்சங்கேணியில் பஸ் ஏற்றினார். வழியெல்லாம் முட்டை உரித்துத் தந்தார். கோட்டை இருக்கும் புளியந்தீவில் ஒரு கன்னியர் மட விடுதி வாசலில், "இதில நில்லு, வாறன்" என்று போனார்.

பொழுது சாய்ந்தபோது சிஸ்டர் வந்தார். "அம்மா ஊருக்குப் போயிற்றா. அங்க புள்ளையளச் சண்டைக்குப் புடிக்காங்களாம். இனி நீ இங்கதான்."

என் உயிருக்காகத்தான் அம்மா பொய் சொன்னார். உண்மையைச் சொல்லியிருந்தால் அழுதாவது அவரைக் கட்டிப்பிடித்து விடைகொடுத்திருப்பேன். பிறகு அவர் என்னைப் பார்க்க வந்தபோது, கோபத்தில் நான் வாசலுக்கே போகவில்லை.

மாணவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என்னால் அவ்விடத்தை விட்டு நகர முடியவில்லை.