முட்டுவலி என்று சொல்லி ஜெபம் வாங்கினேன்

கர்த்தருக்குள் பிரியமான சகோதரிகளே, இதை எழுத இப்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

2013ஆம் ஆண்டு. மலத்தோடு கறுத்த இரத்தம் போக ஆரம்பித்தது. அறுபது வயதில் அதைப் பற்றி யாரிடம் வாய் திறப்பது? கருங்கல் ஊர்ப் பக்கம் எங்கள் சபையில் செவ்வாய்தோறும் பெண்களின் வீட்டு ஜெபம் நடக்கும். ஒவ்வொருவரும் விண்ணப்பம் சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது முழங்காலைக் காட்டி முட்டுவலி என்று சொல்லிவிட்டேன். பாவம், எல்லாரும் கண்ணீர்விட்டு என் முட்டுக்காக ஜெபித்தார்கள். ரோஸ்லெட் அக்கா முட்டில் எண்ணெயே பூசினாள். நானும் ஆமென் சொன்னேன். பிறகு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஒருநாள் தெம்பில்லாமல் அடுக்களையில் விழுந்துவிட்டேன். மகள் ஷீபா திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனாள். பெருங்குடலில் புற்று. "எனக்கிட்டயாவது சொல்லப்பிடாதா அம்மா?" என்று கேட்டாள். ஆபரேஷன் நடந்தது. ஊரில் குடலிறக்கம் என்று சொல்லி வைத்தேன்.

அதன்பிறகுதான் டாக்டரம்மா அந்தக் குண்டைப் போட்டார். கட்டியில் ஒரு ஜீன் வேலை செய்யவில்லையாம். அது பிறவிக் கோளாறு என்றால் ஷீபாவுக்கும் வந்திருக்கலாம். அந்த ஜீனைத் தொடங்கிவைக்கிற இடத்தில் மீத்தைல் என்ற பொருள் ஒட்டி அடைத்திருந்தால், அது கட்டிக்குள் மட்டும் நேர்ந்தது, பெரும்பாலும் பிள்ளைகளுக்குப் போகாது. எது என்று அறிய, கட்டியின் துண்டை மீத்தைலேஷன் சோதனைக்கு அனுப்பினார்கள்.

என் உயிரைப் பற்றிய பயமே அன்றோடு போய்விட்டது. ஆண்டவரே, என் பிள்ளையை விட்டுவிடும் என்று மட்டும் கேட்டேன். தனியாகக் கேட்கத் திராணியில்லை. செவ்வாய்க்கிழமை எழுந்து நின்றேன்.

"முட்டும் இல்ல, குடலிறக்கமும் இல்ல. எனக்குக் குடல்ல புற்று. மலத்தோட ரெத்தம் போச்சு. வெக்கப்பட்டு மறச்சேன். இப்ப எனக்க பிள்ளைக்கும் வந்துருமோன்னு பயமா இருக்கு."

நின்ற இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. ரோஸ்லெட் அக்காதான் எழுந்தாள். "ஏட்டி, நல்லா இருந்த முட்டுக்கா எங்கள ஜெபிக்க வச்ச? செத்துப் போயிருந்தா என்னத்தச் செய்வோம்?" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அன்று எல்லாரும் ஷீபாவின் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள்.

முடிவு வந்தது. மீத்தைலேஷன் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. பெரும்பாலும் பரம்பரை இல்லை, ஆனாலும் நாற்பது வயதில் ஷீபா ஒருமுறை குடல் பரிசோதனை செய்யட்டும் என்றார். என் கட்டியில் கண்ட ஒரு கோளாறுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

சில வாரம் கழித்து ரோஸ்லெட் அக்கா தனியாக வீட்டுக்கு வந்தாள். அடுக்களைக் கதவைச் சாத்தினாள். "எனக்கும் ரெத்தம் போவுதுட்டி" என்றாள். மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். சிறிய கட்டி, புற்றாக மாறுமுன் எடுத்துவிட்டார்கள்.

சகோதரிகளே, நம் தேவன் கேட்கிறவர், அவரை நம்புங்கள். உங்களில் யாருக்காவது இப்படி இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். சேர்ந்து ஜெபிப்போம். ஆஸ்பத்திரிக்கும் நான் கூட வருகிறேன்.